மெஷினை மாற்ற வேண்டாம்

மாங்கேணி,
2024.08.18

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். உங்களுக்கு இடுப்பு வலி இல்லை என்று போனில் சொன்னீர்கள். நாங்கள் இருவரும் அதை நம்பவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கதைக்கும்போது என் பக்கத்தில் அப்பா நிற்பார். உங்கள் பக்கத்தில் நீங்கள் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். நான் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லி வைத்துவிடுவேன். சொல்ல நினைத்ததெல்லாம் பிறகுதான் ஞாபகம் வரும். என் வாய் அப்படி. அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். போன் கையில் கிடைக்கிற நேரம் ஆறுதலாக வாசியுங்கள். நீங்களும் இப்படியே எழுதுங்கள்.

ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இணையம் பார்க்கிற உலாவி ஒன்றைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டுமாம். வீட்டிலிருந்தே செய்யலாம். பரீட்சை எழுதத் தேவையில்லை. அதற்குப் பதிலாக அந்த உலாவியின் முழு நிரலையும் நம்முடைய சொந்த மெஷினில் கம்பைல் பண்ணிக் காட்ட வேண்டும். மனிதர் எழுதிய நிரலை மெஷின் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக் கட்டுவதுதான் கம்பைல். எங்கே சிக்கியது, எப்படிச் சரி செய்தோம் என்று அறிக்கையும் எழுதி அனுப்ப வேண்டும். செப்டெம்பர் கடைசி வரை நேரம் தந்திருக்கிறார்கள்.

நேற்று விடிந்ததும் நீங்கள் அனுப்பிய லப்டொப்பில் தொடங்கினேன். மத்தியானம் அப்பா கடற்கரையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சிதா மகள்?"

"கால்வாசியும் இல்ல அப்பா."

பொழுது படும் நேரம் மெஷின் அப்படியே நின்றுவிட்டது. சுட்டி அசையவில்லை. கச்சான் காற்று மணலை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. நீங்கள் சொன்னபடி, தைத்து அனுப்பிய வெல்வெட் உறையைக் கழற்றாமல்தான் வேலை செய்கிறேன். அதனால் மணல் போயிருக்காது. மெஷின் பழசு, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வேலை கிடைத்தால் நீங்கள் இனி அங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கக் கையெழுத்துப் போடத் தேவையில்லை. அதற்காகத்தான் விண்ணப்பித்தேன். இதைப் போனில் சொல்லியிருந்தால் நீங்கள் பேச்சை மாற்றியிருப்பீர்கள்.

உங்கள் அன்பு மகள்,
நிருஷா

*

குவைத்,
2024.08.23, வெள்ளி

என் செல்ல மகள் நிருஷாவுக்கு,

அம்மா சுகம். இடுப்பைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு உன் நிரல் விளங்காது. ஆனால் ஒன்று விளங்கியது. மெஷின் பழசு என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நெஞ்சில் குத்தின மாதிரி இருந்தது, புள்ள. மேடத்தின் மூத்த மகன் குப்பையில் போடப் போனதை நான் கேட்டு வாங்கி, துடைத்து, துணி சுற்றி அனுப்பினேன். கம்பஸில் மற்றப் பிள்ளைகள் புதுசு கொண்டு வந்திருப்பார்கள். நீ ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாதது எனக்கு இன்னும் வெட்கம்.

இங்கே தங்கி வேலை செய்வதற்கான அக்காமா முடியப் போகிறது. இன்னும் இரண்டு வருடம் இருப்பதென்றால் ஒக்டோபர் முடிய முன் பதில் சொல்ல வேண்டும் என்று மேடம் கேட்டிருக்கிறா. நான் இருக்கிறேன் என்று சொல்லப் போகிறேன். முதல் வேலையாக உனக்கு நல்ல புது லப்டொப் ஒன்று வாங்கி, இந்தத் தரம் பெட்டியோடு அனுப்புவேன். இந்த வேலை இல்லாவிட்டாலும் அடுத்த வேலைக்கு அது வேண்டும்.

பட்டம் வாங்கின மகளைப் பழைய மெஷினுக்கு முன்னால் குந்த வைத்துவிட்டு நான் ஊருக்கு வந்து என்ன செய்ய?

உறையைக் கழற்றாதே. அந்த மணல் பொல்லாதது.

அன்பு அம்மா,
சுலோஜனா

*

மாங்கேணி,
2024.09.01

அன்புள்ள அம்மா,

தயவு செய்து மேடத்திடம் இன்னும் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒக்டோபர் கடைசி வரை நேரம் இருக்கிறது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தை எனக்குத் தாருங்கள்.

பழசு என்று நான் எழுதியது அவசரப்பட்டு எழுதியது. பழசு என்பது ஒரு காரணமே இல்லை. மெஷினுக்குள் பல பாகங்கள் இருக்கின்றன. அவற்றில் எது மற்ற எல்லாவற்றையும் மறித்துக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்பஸில் இதைத்தான் படித்தேன். சொந்த மெஷின் நின்றதும் படித்ததை மறந்துவிட்டு உங்களிடம் முறையிட்டிருக்கிறேன்.

இந்தத் தரம் கம்பைல் ஓடும்போது பக்கத்திலேயே இருந்து, ஒவ்வொரு பாகமும் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, எவ்வளவு சுடுகிறது என்று பார்த்தேன். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் புரொசசர் கொதிக்கிற அளவுக்குச் சூடாகிறது. எரிந்து போகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது. அது சோம்பேறி இல்லை அம்மா. உயிருக்குப் பயந்து மெல்லப் போகிறது.

ஓட்டமாவடிக்குக் கொண்டுபோனேன். அங்கே மெஷின் திருத்துகிற அக்ரம் நானா அடி மூடியைக் கழற்றினார். கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்குள்ள என்ன, கோழிக்குஞ்சு வளத்தீங்களா?"

காற்றாடியைச் சுற்றிச் சிவப்புப் பஞ்சு. வெல்வெட்டின் பஞ்சு. அவர் கவ்வியால் இழுக்க இழுக்க வந்தது. மணல் ஒரு பொட்டும் இல்லை. மணலை உங்கள் உறை நன்றாகத்தான் மறித்திருக்கிறது. ஆனால் மெஷின் மூச்சு விடுகிற ஓட்டைகளும் அந்த உறைக்குள்தான் இருந்தன.

இதை உங்களுக்கு எழுதுவதா என்று யோசித்தேன். எழுதாமல் உறையைக் கழற்றி வைத்தால் அது உங்களுக்குச் செய்கிற மரியாதை இல்லை என்று பட்டது. அதனால் எழுதுகிறேன். உறை இப்போது என் பட்டச் சான்றிதழ் இருக்கிற அலுமாரியில் இருக்கிறது. அப்பா இரண்டு மரச்சட்டம் அடித்து மெஷினை மேசையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்தார். மேசைக்கு மேலே நுளம்பு வலை கட்டினார். இப்போது நான் வலைக்குள் இருந்து வேலை செய்கிறேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சூடு குறைந்துவிட்டது. ஆனாலும் கம்பைல் முடியவில்லை. இன்னொரு முடிச்சு இருக்கிறது.

அன்பு மகள்,
நிருஷா

*

குவைத்,
2024.09.06, வெள்ளி

என் செல்ல மகளுக்கு,

கோழிக்குஞ்சு என்று வாசித்ததும் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். மேடம் வந்து என்ன என்று கேட்டா. மகள் கடிதம் போட்டிருக்கிறாள் என்றேன். கடிதத்தில் சிரிக்கிற மாதிரி என்ன என்று கேட்டா. அரபியில் எனக்கு அவ்வளவு சொல்ல வராது.

சிரித்து முடிந்ததும் ஒரு மாதிரி இருந்தது. அந்த வெல்வெட் இங்கே பெரிய ஹோலுக்குத் திரை தைத்து மிச்சம் வந்த துணி. கேட்டு வாங்கித் தைத்தேன். உன் மெஷினுக்கு நான் செய்த ஒரே காரியம் அதுதான். அதுவே அதன் மூக்கைப் பொத்தியிருக்கிறது. சரி. எழுதியது நல்லது. ஒளித்திருந்தால் பிறகு தெரியவரும்போது கோபித்திருப்பேன்.

ஆனால் மகள், சூடு என்றாய், சரி செய்தாய். இப்போது இன்னொரு முடிச்சு என்கிறாய். அதை அவிழ்த்தால் மூன்றாவது வரும். நோய்க்காரருக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி எத்தனை நாளைக்கு இருப்பாய்? புதுசு என்றால் இந்தக் கரைச்சல் இல்லை. அங்கே பொடியன்மார், பெட்டையள் எல்லாம் புதுசு வைத்து அரை மணித்தியாலத்தில் முடித்து அனுப்பியிருப்பார்கள்.

நீ கேட்டதற்காகப் பொறுத்திருக்கிறேன். மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

மீன் கறிக்குப் புளி கூட விடாதே, அப்பாவுக்கு நெஞ்செரிச்சல்.

அன்பு அம்மா

*

மாங்கேணி,
2024.09.29

அன்புள்ள அம்மா,

முடிந்துவிட்டது. நேற்று முழு உலாவியும் நம்முடைய மெஷினில் கட்டி முடிந்து, திறந்து, ஓடியது. அறிக்கையையும் அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது முடிச்சு ரேமில் இருந்தது. உங்களுக்கு விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன். நம்முடைய அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குச் சமைக்கிற நாள். கெதியாக முடியட்டும் என்று எட்டுப் பேரைக் கூப்பிடுகிறோம். உள்ளே இரண்டு பேர் நிற்கத்தான் இடம். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஒருவர் பாதி வெட்டின மரக்கறியை முற்றத்தில் வைத்துவிட்டு வெளியே போவார். அடுத்தவர் உள்ளே வருவார். அவருடைய சட்டியை எடுக்க மறுபடி முற்றத்துக்குப் போக வேண்டும். எல்லாரும் ஓடி ஓடி வேர்த்துக் கொட்டுவார்கள். சோறு மட்டும் வேகாது.

ரேம்தான் அந்த அடுப்படி. முற்றம் ஹார்ட் டிஸ்க். அது பழைய, மெல்லச் சுழல்கிற டிஸ்க். வழிகாட்டியில் எட்டு வேலையை ஒரே நேரத்தில் ஓட விடு என்று எழுதியிருந்தது. நானும் அப்படியே ஓட விட்டேன். அது பெரிய அடுப்படி வைத்திருக்கிறவர்கள் எழுதிய வழிகாட்டி. நான் இரண்டு வேலையை மட்டும் விட்டேன். எட்டை விட இரண்டு கெதியாகப் போனது. இதை என் கண்ணால் பார்த்தும் இன்னொரு தரம் ஓடவிட்டுத்தான் நம்பினேன்.

ஆனால் கடைசிக் கட்டம் அதிலும் தவறியது. செய்து வைத்த துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒன்றாகக் கோக்கிற வேலை அது. அதற்கு மட்டும் அடுப்படி முழுவதும் வேண்டும். அவர்களுடைய நிரல் நான் சொன்ன இரண்டைக் கணக்கில் எடுக்காமல், கோக்கிற அந்தப் பெரிய வேலைகளில் பலதை ஒரே நேரத்தில் தொடங்கியது. ரேம் போதாமல் மெஷினே அவற்றைக் கொன்றுவிட்டது. ஒவ்வொரு தரமும் அதே இடம்.

ரேம் கூட்டலாமா என்று அக்ரம் நானாவிடம் மறுபடி போனேன். பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு மேல இது தாங்காது தங்கச்சி. போர்ட் விடாது. நான் ரேமை வித்துப்போட்டுப் பொய் சொல்ல ஏலா."

அதுதான் நல்லதாகப் போயிற்று. மெஷினை மாற்ற முடியாது என்று ஆனபிறகு, மிச்சம் இருந்தது அவர்களுடைய நிரல்தான். அதை எடுத்து வாசித்தேன். எத்தனை வேலை தொடங்குவது என்று முடிவு செய்கிற இடத்தில் அது புரொசசரை மட்டும் எண்ணுகிறது. ரேம் எவ்வளவு என்று கேட்பதே இல்லை. முதலில் ரேமைப் பார்த்து, குறைவாக இருந்தால் கோக்கிற வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்படி ஒரு சின்னத் திருத்தம் எழுதினேன். சின்னதுதான். எங்கே எழுதுவது என்று தெரிய ஒரு கிழமை போனது.

அந்த நாட்களில் பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் மாமி வந்து வலைக்கு வெளியே நின்று பார்த்தா. திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

"என்னகா புள்ள, பொழுதும் அது ஓடுது, நீ சும்மா பாத்துட்டு இருக்காய். இதுக்கா இவ்வளவு படிச்ச?"

நான் வழக்கம் போல் தலை குனிந்துகொண்டேன். அப்பா வெளியே கயிறு திரித்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்.

"நாங்களும் வலையப் போட்டுட்டுக் கரையில சும்மாதான் குந்தி இருக்கம் அக்கா. அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறல்லயே."

மாமி சிரித்துவிட்டுப் போனா. மறுகா பாலப்பம் கொண்டு வந்து தந்தா.

நேற்று உலாவி முதன்முதல் திறந்தபோது அப்பாவைக் கூப்பிட்டேன். வெறும் வெள்ளைத் திரைதான். அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இத நீயா மகள் கட்டின?" என்றார். ஓம் என்று சொன்னேன். தலை குனியாமல் சொன்னேன் அம்மா.

உங்கள் மகள்,
நிருஷா

*

குவைத்,
2024.10.11, வெள்ளி

என் தங்க மகளுக்கு,

அடுப்படிக் கதை நன்றாக விளங்கியது. இங்கே நோன்பு நாட்களில் மேடத்தின் சகோதரிகள் எல்லாரும் உதவிக்கு என்று வருவார்கள். அன்றைக்குத்தான் சாப்பாடு பிந்தும்.

சின்னத்தங்கத்திடம் உன் அப்பா சொன்னதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அந்த மனுசன் எனக்காக ஒரு நாளும் அப்படி வாய் திறந்ததில்லை. உனக்காகத் திறந்திருக்கிறார். நல்லது.

மகள், அம்மா சொல்கிறதைக் கோபிக்காமல் கேள். நீ முடித்தது பெரிய காரியம். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நீ ஒரு மாதத்துக்கு மேல் பாடுபட்டு முடித்ததை மற்றவர்கள் ஒரு மத்தியானத்தில் முடித்திருப்பார்கள். வேலை கொடுக்கிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? கெதியாக முடித்தவரைத்தானே. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், எவ்வளவு சுத்தமாகத் துடைத்தேன் என்று ஒருவரும் பார்க்கவில்லை. எத்தனை மணிக்கு முடித்தேன் என்றுதான் கேட்டார்கள்.

மேடம் நேற்று மறுபடி கேட்டா. தாள்களை அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். இருபத்தைந்தாம் திகதி வெள்ளி. அன்றைக்குச் சொல்கிறேன் என்றேன். அதுவரை உன்னிடமிருந்து நல்ல செய்தி வராவிட்டால் கையெழுத்துப் போடுவேன். நீ அழக்கூடாது. நானும் அழமாட்டேன்.

அன்பு அம்மா

*

மாங்கேணி,
2024.10.23

அன்புள்ள அம்மா,

வெள்ளிக்கிழமை போன் கையில் வந்ததும் மேடத்திடம் போக முன் இதை வாசியுங்கள்.

பதில் வந்தது. நேற்று வீடியோவில் கதைத்தார்கள். மூன்று பேர். நான் வலைக்குள் இருப்பதைப் பார்த்து ஒருவர் அது என்ன என்று கேட்டார். நுளம்புக்கும் மணலுக்கும் என்றேன். என் ஆங்கிலம் முதலில் தடக்கியது. பிறகு ரேமைப் பற்றிக் கேட்டார்கள். அதைப் பற்றி எனக்குத் தடக்கவில்லை. அவர்கள் நிறுத்தும் வரை கதைத்தேன். அப்பா கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். பிறகு சொன்னார், "உன்ட சத்தம் முற்றத்துக்குக் கேட்டது."

நீங்கள் எழுதியது உண்மைதான். மற்ற எல்லாரும் நல்ல மெஷினில் கெதியாக முடித்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் அறிக்கையில், சிக்கல் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார்களாம். அவர்கள் பொய் எழுதவில்லை. அவர்களுடைய மெஷினில் ரேம் அவ்வளவு இருந்ததால் அந்தப் பிழை வெளியே தெரியவே இல்லை. நம்முடைய மெஷினில் மட்டும்தான் தெரிந்தது.

பழைய மெஷின்களுக்கான பதிப்பை இந்த வருடத்தோடு நிறுத்துவதாக இருந்தார்களாம். கட்டும்போது ஏன் விழுகிறது என்று அவர்களிடம் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லையாம். எல்லாரிடமும் புது மெஷின். என்னுடைய திருத்தத்தை எடுத்து அவர்களிடம் தூசி பிடித்துக் கிடந்த ஒன்றில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஓடியிருக்கிறது. நேற்றுப் பின்னேரம் அந்தத் திருத்தத்தை உலாவியில் சேர்த்துவிட்டார்கள். அதில் என் பெயரும் அதோடு சேர்ந்து வருகிற அப்பாவின் பெயரும் இருக்கின்றன. உங்கள் பெயருக்கு இடம் இல்லை. அது எனக்குக் குறைதான்.

பழைய மெஷின்களுக்கான பதிப்பை இனி என்னைப் பார்க்கச் சொல்கிறார்கள். வேலை கிடைத்துவிட்டது அம்மா. நவம்பர் முதலாம் திகதியிலிருந்து.

சம்பளம் நம் வீட்டுக்குப் போதும். ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்போதைக்கு ஒரு வருட ஒப்பந்தம்தான். அதற்குப் பிறகு அவர்கள் பார்த்துத்தான் சொல்வார்கள்.

கடைசியாக, வேலைக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்கள். புது லப்டொப் தருவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் அவர்களே சொல்லிவிட்டார்கள். கடிதம் எழுதப் புதுசு ஒன்று வேண்டுமானால் தருவார்களாம். ஆனால் பழைய பதிப்பைக் கட்டிச் சோதிக்க இதுதான் வேண்டுமாம், இந்த மெஷினை மாற்ற வேண்டாமாம். இது கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று என்னிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார்கள்.

நீங்கள் குப்பையிலிருந்து எடுத்த மெஷினைத்தான் சொல்கிறார்கள்.

இனி உங்கள் விருப்பம். கையெழுத்துப் போட வேண்டாம் என்று நான் இன்னொரு தரம் எழுத மாட்டேன். எழுத வேண்டியதை எழுதிவிட்டேன்.

உங்கள் மகள்,
நிருஷா

*

குவைத்,
2024.10.25, வெள்ளி

என் மகள் நிருஷாவுக்கு,

வாசித்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். அழமாட்டேன் என்று எழுதினவள் நான்தான். அதைப் பற்றி நீ கேட்கக்கூடாது.

பிறகு முகம் கழுவி, நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். தாள் மேசையில் இருந்தது. பேனையும் இருந்தது. "நான் போகிறேன் மேடம்" என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்தா. சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றா. இல்லை என்றேன். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் நான் இல்லை என்று சொன்னது இதுதான் முதல் தரம். சொல்லிவிட்டு நானே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மகளுக்கு என்ன வேலை என்று கேட்டா. ரேம், கோக்கிறது எல்லாம் அரபியில் எனக்கு எங்கே வரும்? யோசித்துச் சொன்னேன். "புது மெஷின் வாங்க ஏலாத சனம் உலகமெல்லாம் இருக்கு. அவங்களக் கைவிடாமப் பாக்கிற வேலை" என்றேன். சரியா மகள்? பிழை என்றால் திருத்தி எழுது, நான் மறுபடி போய்ச் சொல்கிறேன்.

மூத்த மகனும் பக்கத்தில் இருந்தான். இப்போது பெரிய ஆள், தாடி வைத்திருக்கிறான். அந்த மெஷினா, அது அன்றைக்கே செத்துப்போயிற்றே என்றான். அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி கொஞ்சம் கூடப் போட்டிருப்பேன் போல. சந்தோசத்தில் கை அப்படித்தான் போகும்.

ஒரு வருடம்தான் என்று பயந்து எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வருடமாக நான் இரண்டு வருடம், இரண்டு வருடம் என்றுதான் வாழ்ந்திருக்கிறேன். ஒப்பந்தத்துக்குப் பயப்படுகிற வீடு இல்லை நம்முடையது.

என் பெயருக்கு இடம் இல்லை என்று குறைப்பட வேண்டாம். நீ போனில் "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு வைக்கிறபோதெல்லாம், இந்தப் பிள்ளை நாலு பேருக்கு முன்னால் எப்படிக் கதைக்கப் போகிறது என்று நான் பயந்திருக்கிறேன். உன் சத்தம் முற்றத்துக்குக் கேட்டது என்று அப்பா சொன்னதாக எழுதியிருந்தாயே. எனக்கு அது போதும்.

நவம்பர் பத்தொன்பதாம் திகதி டிக்கெட். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வான் பிடித்துக்கொண்டு ஊரோடு வர வேண்டாம். உனக்கு வேலை இருக்கும். அப்பா மட்டும் ஓட்டமாவடிக்கு வந்தால் போதும். நான் பஸ்ஸில் ஏறி அங்கே இறங்கிக்கொள்வேன்.

இங்கிருந்து நான் எழுதுகிற கடைசிக் கடிதம் இது. இனி உன்னோடு கதைக்க வேண்டும் என்றால், அடுப்படியில் இருந்து கூப்பிடுவேன்.

அம்மா